நோட்டோடு வாங்க: சக ஆசிரியரிடம் கற்றுக்கொள்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி. வடசென்னையில் இந்த நாலு பக்கத்திலும் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிகளில் வேலை பார்க்கிற நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை கூடி உட்கார்ந்து வகுப்பறையைப் பற்றிப் பேசுகிறோம். புதிதாக வருகிறவர்கள் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி வாய் வலிப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். பதில்கள் என்னுடையவை. கூட்டத்தில் இருக்கிற எல்லாரும் இதற்கெல்லாம் தலையாட்டுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

இது சங்கமா? சந்தா உண்டா?

சங்கம் கிடையாது. பெயரும் இல்லை, பேனரும் இல்லை. தலைவர் பதவி இல்லாததால் சண்டையும் குறைவு. டீ, போண்டா செலவை அன்றைக்கு வந்தவர்கள் பங்கு போட்டுக்கொள்வோம்.

குறுவள மையத்தில் பயிற்சி கொடுக்கிறார்களே, அப்புறம் இது எதற்கு?

பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்களைக் கூட்டி அரசு நடத்துகிற அந்தப் பயிற்சியைக் குறை சொல்ல இதைத் தொடங்கவில்லை. 2022 ஜூனில், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்று அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துக் கற்பிப்பதை அங்கேதான் கற்றோம். பயிற்சி இல்லாமல் அந்தக் கையேட்டை நானாகப் படித்துப் புரிந்துகொண்டிருக்க மாட்டேன். ஆனால் பயிற்சி ஹாலில் கையைத் தூக்கி, "சார், என் வகுப்பில் ஒரு பையன் மூணு மாசமா அரும்பிலேயே நிக்கிறான். நான் எங்கே தப்புப் பண்றேன்?" என்று கேட்க முடிகிறதா? கேட்டாலும் பயிற்சி நடத்துகிற கருத்தாளருக்குச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிக்க இன்னும் எத்தனையோ ஸ்லைடு இருக்கும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நம்ம ஊரிலேயே இதற்கு ஒரு பழைய கதை உண்டு. எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, மாநகராட்சி ஆசிரியர்களை ஆந்திரத்தில் இருக்கிற ரிஷி வேலி பள்ளிக்கு அனுப்பினார். அங்கே பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு அவரவர் வேகத்தில் படிப்பதை இவர்கள் பார்த்தார்கள். திரும்பி வந்து தாங்களே அட்டைகளை உருவாக்கி, 2003ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். பிறகு மற்ற மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் போயிற்று. 2007-08ல் மாநிலம் முழுக்க வந்தது. பாயில் வட்டமாக உட்கார்வது, பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் சுவரோரக் கரும்பலகை, எந்த அட்டைக்கு அப்புறம் எது என்று காட்டுகிற ஏணிப்படி அட்டவணை எல்லாம் நினைவிருக்கும். பழைய கட்டடங்களில் அந்தக் குட்டைப் பலகை இன்னும் சுவரில் இருக்கிறது.

எங்களில் மூத்த டீச்சர் ஒருவர் சொல்வார்: "அட்டையை வெட்டினவங்களுக்கு இந்த அட்டைக்கு அப்புறம் ஏன் அந்த அட்டைன்னு தெரியும். கட்டாப் பெட்டியில வந்து இறங்கினவங்களுக்கு நம்பர் மட்டும்தான் தெரியும்." எனக்குப் பெட்டிதான் வந்தது. அதனால் அவர் சொல்வது எனக்கு நன்றாகவே உறைத்தது.

வரும்போது என்ன கொண்டு வரணும்?

ஒரு பிள்ளையின் நோட்டு. நன்றாகப் படிக்கிற பிள்ளையின் நோட்டு வேண்டாம். உங்களைக் குழப்புகிற நோட்டு எதுவோ அது. அட்டையில் இருக்கிற பெயரை மறைத்துவிடுங்கள்.

ஆரம்பத்தில் நாங்களும் எல்லாரையும் போல, செய்து முடித்த டி.எல்.எம். (கற்பித்தல் துணைக்கருவி) கொண்டுவந்து காட்டிக்கொண்டிருந்தோம். தெர்மாகோல் சூரியக் குடும்பம், ஐஸ்கிரீம் குச்சி மணிச்சட்டம். கைதட்டுவோம், போட்டோ எடுப்போம், வீட்டுக்குப் போவோம். அடுத்த மாதம் யாரும் அதைச் செய்திருக்க மாட்டோம். ஒரு நாள் ஒரு டீச்சர் வெறும் நான்கு கோடு நோட்டு ஒன்றை எடுத்துவந்து விரித்து, "இதைப் பாருங்க, எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். நாலாம் வகுப்புப் பையன். 402லிருந்து 178ஐக் கழித்து 376 என்று எழுதியிருந்தான். விடை 224. அவர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். அடுத்த பக்கத்திலும் அதே மாதிரித் தப்பு, அதே சிவப்பு வட்டம். அதற்கடுத்த பக்கத்திலும்.

நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தோம். பையன் கவனக்குறைவாகச் செய்யவில்லை, ஒரு விதியோடு செய்திருக்கிறான். மேலே இருக்கிறதோ கீழே இருக்கிறதோ, பெரியதிலிருந்து சின்னதைக் கழி: எட்டிலிருந்து இரண்டு போனால் ஆறு, ஏழிலிருந்து பூஜ்யம் போனால் ஏழு, நாலிலிருந்து ஒன்று போனால் மூன்று. எல்லாக் கணக்கிலும் இதே விதி. தினமும் கவனமாகத் தப்பு பண்ணுகிற பிள்ளையைக் கவனமில்லை என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

"கடன் வாங்கணும்னு சொல்லிக் குடுத்தேனே" என்றார் டீச்சர். அப்போது கொருக்குப்பேட்டையில் வேலை பார்க்கிற சார் ஒருவர் சிரித்துவிட்டார். அவர் வகுப்பில் ஒரு பெண், "கடன் வாங்கினா திருப்பிக் குடுக்கணுமே சார், நாம எப்பக் குடுப்போம்?" என்று கேட்டாளாம். வாசலில் தண்டல்காரர் தினமும் வந்து நிற்கிற தெருவில் வளர்கிற பிள்ளை அப்படித்தானே கேட்கும்? அன்றிலிருந்து அவர் கடன் என்ற வார்த்தையை விட்டுவிட்டு, சில்லறை மாற்றுவது என்று ஆரம்பித்தார். உன்னிடம் நாலு நூறு ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய். 178 கொடுக்கணும், சில்லறை பத்தாது. ஒரு நூறை மாற்று, பத்துப் பத்து ரூபாய் வரும். அதில் ஒரு பத்தை மாற்று, பத்து ஒரு ரூபாய் வரும். இப்போது கையில் மூணு நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. இனிமேல் எடுத்துக் கொடு. தாள் வாங்கக்கூட வேண்டாம், பழைய காலண்டர் தாளைக் கிழித்து எழுதிக்கொண்டால் போதும்.

அந்த மாதம் எங்களில் ஆறு பேர் இதைச் செய்தோம். தெர்மாகோல் சூரியனுக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததே இல்லை.

என் வகுப்பில் சரியாக வராததை வெளியே சொன்னால் ஹெச்.எம். காதுக்குப் போகாதா?

நியாயமான பயம். ஒரு முறை போயிருக்கிறது. கூட்டத்தில் காட்டிய நோட்டை யாரோ போட்டோ எடுத்து, அது ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்னொன்றுக்குப் போய், அந்த டீச்சர் பள்ளியில் விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் அதற்குப் பிறகு ஐந்து மாதம் வரவில்லை. தப்பு எங்கள் பேரில்தான். இப்போது போன் எல்லாம் ஜன்னல் திட்டில் இருக்கும். நோட்டு யார் கொண்டுவந்தாரோ அவர் கையோடு திரும்பிப் போகும். பள்ளியின் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. பேசாமலே எல்லாருக்கும் தெரியும் என்பது வேறு விஷயம்.

நான் மெட்ரிக் பள்ளியில் இருக்கிறேன். வரலாமா?

வாங்க. உங்களுக்குச் சனிக்கிழமை லீவு கிடைப்பதுதான் கஷ்டம்.

இங்கே கேட்டதை மறுநாளே வகுப்பில் செய்யலாமா?

செய்யலாம். முதல் தடவை சொதப்பும். நான் சொதப்பியதைச் சொல்கிறேன்.

மேரி பட் ரோ என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சை டேப்பில் பதிவு செய்து அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகள் பேசுகின்றன, 'தெரியாது' என்பது குறைகிறது என்று கண்டார். இதை ஒரு டீச்சர் கூட்டத்தில் சொல்லி, தன் வகுப்பில் அருமையாக நடக்கிறது என்றார். திங்கட்கிழமை நானும் ஐந்தாம் வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு நொடி, இரண்டு நொடி. கடைசி பெஞ்சிலிருந்து குசுகுசுப்பு: "டீச்சர் கோச்சிக்கினாங்கடா." மொத்த வகுப்பும் கையைக் கட்டிக்கொண்டு விறைத்து உட்கார்ந்துவிட்டது. என் வாய் எத்தனை ஓயாமல் ஓடியிருந்தால், மூன்று நொடி மௌனம் கோபமாகத் தெரிந்திருக்கும்!

அடுத்த கூட்டத்தில் அந்த டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். அவர் யோசித்துவிட்டு, "ஓ, அதைச் சொல்லலையா?" என்றார். முதல் வாரம் அவருக்கும் இதேதான் ஆகியிருக்கிறது. பிறகு பிள்ளைகளிடமே சொல்லிவிட்டாராம்: கேள்வி கேட்டதும் நான் மூணு விரலை ஒவ்வொன்றாக மடக்குவேன், மூன்றும் மடங்குகிற வரை யாரும் கை தூக்கக் கூடாது, யோசிக்கிற நேரம். அந்த விரல்தான் முக்கியம். அவருக்கு அது பழகிப்போய்விட்டதால் சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

அதனால் இப்போது யார் எதைச் சொன்னாலும் நாங்கள் கட்டாயமாகக் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: "இதைத் தொடங்கின முதல் வாரம் என்ன கெட்டுப்போச்சு?" ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று சொல்கிறவர் இன்னும் செய்துபார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்வோம்.

அடுத்தவர் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்கணுமா? சங்கடமாக இருக்காதா?

இருக்கும். சின்னக் கல்யாண வீட்டில் தெரியாத பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

ஜப்பானில் இதை ஒரு முறையாகவே செய்கிறார்கள். ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். ஒருவர் அதை வகுப்பில் நடத்துவார். மற்றவர்கள் சுவரோரம் நின்று பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். ஜுக்யோ கென்க்யூ என்று பெயர், நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம். பாடத்தை எல்லாரும் சேர்ந்து செய்ததால், சரியாக வரவில்லையென்றால் அது நடத்தியவர் தலையில் மட்டும் விழுவதில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

நம்மிடம் அந்த வசதி கிடையாது. ஒருவர் லீவு போட்டால் இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்கார வைக்கிற இடத்தில் யார் வந்து சுவரோரம் நிற்பது? அதனால் ஒரே பள்ளிக்குள் பீரியட் மாற்றிக்கொண்டு பார்க்கிறோம். வேறு பள்ளியென்றால் அங்கே ஹெச்.எம். அனுமதி வாங்கிக்கொண்டு, சொந்த சி.எல். போட்டுவிட்டுப் போக வேண்டும். நான் ஒரு தடவை அப்படிப் போனேன். லீவு நாளில் இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

போனால் டீச்சரைப் பார்க்காதீர்கள். ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொண்டு நாற்பது நிமிடமும் அந்தப் பிள்ளையை மட்டும் பாருங்கள். நான் பார்த்தது மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியை. வகுப்பு மொத்தமும் பாடத்தைக் கோரஸாக வாசித்துக்கொண்டிருந்தது, கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. அவள் விரல் வரியின் மேல் ஓடியது, உதடும் அசைந்தது. ஆனால் உதடு மற்றவர்களுக்கு அரை நொடி பிந்தி அசைந்தது. பக்கத்தில் இருப்பவள் சொல்வதைக் காதில் வாங்கித்தான் சொல்கிறாள். பக்கம் திருப்பும்போதும் பக்கத்து நோட்டைப் பார்த்துத்தான் திருப்பினாள். அந்த வகுப்பு டீச்சர் திறமையானவர். முன்னால் நிற்கிறவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

மறுநாள் என் வகுப்பில் கோரஸ் வாசிப்பின்போது பின்னால் போய் நின்றேன். ஆறு பேர்.

பிள்ளைகள் பேசுகிற மெட்ராஸ் பாஷையைத் திருத்தலாமா?

எங்கள் கூட்டத்தில் தீராத சண்டை இது.

'எனக்குப் பிடித்தவை' என்று ஐந்து வரி எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பையன் நோட்டில் முதல் வரி: "எனக்கு பயம் பிடிக்கும்." எனக்குத் திக்கென்றது. வீட்டில் என்ன பிரச்சினையோ, யாரைக் கண்டு பயமோ என்று மனம் எங்கெங்கோ போனது. இரண்டாவது வரியைப் படித்தேன்: "மாம்பயம், வாயப்பயம், பலாப்பயம்."

பழத்தை பயம் என்றும் மழையை மய என்றும் சொல்கிற வீட்டில் வளர்கிற பிள்ளை, தன் காதில் விழுந்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். எழுத்து தெரியாத பிள்ளை அப்படி எழுத முடியாது. வியாசர்பாடி டீச்சர் ஒருவர் சொன்ன வழியை இப்போது செய்கிறேன். சார்ட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் 'வீட்ல சொல்றது', வலப்பக்கம் 'புத்தகத்தில் எழுதுறது'. மய, மழை. கீது, இருக்கிறது. இட்டுனு வா, அழைத்து வா. குந்து, உட்கார். எந்தப் பக்கத்துக்கும் தப்பு என்று பெயர் வைப்பதில்லை. இடப்பக்கத்தை நிரப்பப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள், அதில் சிலதை நான் சார்ட்டில் ஏற்ற முடியாது. வலப்பக்கத்தில் ழ வருகிற சொல்லையெல்லாம் பச்சை மையில் எழுதுகிறோம்.

எங்களில் ஒரு சார் இதை ஒத்துக்கொள்வதில்லை. "நாளைக்கு இன்டர்வியூல இவன் வாயைத் திறந்ததும் எந்த ஏரியான்னு கண்டுபிடிச்சு சிரிப்பாங்க. எழுத்தை மட்டும் திருத்தினா பத்தாது, பேச்சையும் இங்கேயே திருத்திடணும்" என்பார். அவர் இதே தெருக்களில் வளர்ந்தவர், அந்தச் சிரிப்பை வாங்கியவர். அதனால் அவரை எதிர்த்துப் பேச எனக்கு முழு வாய் வருவதில்லை. ஆனால் சார்ட்டை இன்னும் எடுக்கவில்லை.

காசிமேட்டுப் பிள்ளைகள் காலையில் தாமதமாக வருகிறார்கள். யாராவது ஏதாவது வழி கண்டுபிடித்திருக்கிறீர்களா?

வழி என்று பெரிதாக இல்லை. விடிவதற்கு முன்னால் துறைமுகத்தில் மீன் ஏலம், அம்மா கூடையோடு போயிருப்பார், மூத்த பிள்ளை தம்பி தங்கையைக் கிளப்பிவிட்டு வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போவதும் பள்ளி திறப்பதும் கிட்டத்தட்ட ஒரே சமயம் என்பதால், ஜூன் கடைசியில் வருகைப் பதிவேடு அப்படித்தான் இருக்கும். காலை உணவு வந்த பிறகு எங்கள் பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. ஒரு டீச்சர் முதல் பீரியடில் புதுப் பாடம் எடுப்பதையே நிறுத்திவிட்டார். வாசிப்பும் முந்தின நாள் கணக்கும்தான். பிந்தி வருகிற பிள்ளை எதையும் தவறவிடுவதில்லை, வாசலில் நின்று முழிப்பதுமில்லை.

இதே பிள்ளைகளைப் பற்றி இன்னொன்று. மீன் ஒரு கூறு நூறு, மூணு கூறு இருநூத்தம்பது என்று அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று மனக்கணக்காக மீதி கொடுக்கிற பெண், கரும்பலகையில் 500 கழித்தல் 250 போட்டால் விழிப்பாள். பிரேசிலில் ரெசிஃபி நகரச் சந்தையில் விற்பனை செய்த ஐந்து பிள்ளைகளை வைத்து மூன்று ஆய்வாளர்கள் 1985ல் எழுதியது இதைத்தான். கடையில் கேட்ட கணக்குகளில் சுமார் 98 சதவீதம் சரி. அதே எண்களைக் காகிதத்தில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது சுமார் 37 சதவீதம்தான் சரி. கூட்டத்தில் இதைப் படித்தபோது தண்டையார்பேட்டை டீச்சர் சொன்னது: "இதுக்கு பிரேசிலுக்கா போகணும்? என் கிளாஸ் மூணாவது பெஞ்சுக்கு வாங்க."

தமிழ் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். என்ன செய்வது?

மணலி, எண்ணூர் பக்கம் வேலைக்கு வருகிற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வீட்டில் இந்தி அல்லது ஒடியா. இங்கேயே பிறந்து வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிற பிள்ளைகளும் எப்போதும் உண்டு. எங்களில் ஒருவர் தினமும் ஐந்து நிமிடம் அந்தப் பிள்ளையை முன்னால் நிறுத்தி, ஒன்றிலிருந்து பத்து வரை அவர்கள் மொழியில் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். மற்ற பிள்ளைகள் நாக்கைப் புரட்டித் திண்டாடுவதைப் பார்த்து அவன் முதல் முறையாகச் சிரித்தானாம். தமிழ் அதற்குப் பிறகுதான் வந்தது. இதற்கு மேல் எங்களுக்கும் தெரியவில்லை. உங்களிடம் வேறு யோசனை இருந்தால் அதற்காகவே வாருங்கள்.

வாட்ஸ்அப் குழு போதாதா?

காலை வணக்கம், பிறந்தநாள் கேக், நேற்று வந்த சுற்றறிக்கை, மறுபடி அதே சுற்றறிக்கை. போதும்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. என்னிடம் சொல்ல என்ன இருக்கு?

எங்களில் இருபது வருஷ சர்வீஸ்காரர்கள் எதையும் கவனிக்காமல் கடந்துவிடுவோம், கண் பழகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்தான் எங்கள் எல்லாரையும் பார்த்து, "வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை வெளியே நிக்க வைக்கிறீங்களே, அந்த நேரத்தில நடத்துற பாடத்தை அவன் எப்ப படிப்பான்?" என்று கேட்டார். யாருக்கும் பதில் வரவில்லை. ஒரு டீச்சர் போண்டாவை மென்றுகொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது நான்தான்.

வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கலாமா?

தாராளமாக. ஒரு சார் நாலு மாதம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது மாதம் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார், அட்டை கிழிந்து நூல் வெளியே தொங்கியது. "இவன் தேதி மட்டும் தினமும் சரியா எழுதுறான்" என்று சொல்லி நடுவில் வைத்தார்.